கடல்படு பொருளும் மேனி ஒப்பனையும்: ஓர்க்கோலை முதல் மரிக்கொழுந்துப் பாசி வரை

முன்னுரை

பொருள்களை அவை தோன்றும் இடம்பற்றி மலைபடு பொருள், காடுபடு பொருள், நாடுபடு பொருள், நகர்படு பொருள், கடல்படு பொருள் என ஐந்தாகப் பகுத்துரைப்பது தமிழ் மரபு. இவற்றுள் கடல்படு பொருளாக எண்ணப்படுவன உப்பு, முத்து, பவளம், சங்கு, ஓர்க்கோலை என்னும் ஐந்தாகும். உப்பு ஒன்று நீங்கலாக ஏனைய நான்கும் மேனியை அணிசெய்யவோ, மணக்கச் செய்யவோ, மருந்துப் பூச்சாகவோ பயன்பட்டவை என்பது கருதத்தக்கது. உணவுக்கு அடுத்து மனித உடலின் பொலிவுக்கே கடல் பெரிதும் பயன்பட்டது என்ற எண்ணம் இப்பட்டியலில் உறைந்துள்ளது எனலாம்.

இன்றும் அந்நிலை மாறவில்லை, பொருள்களே மாறியுள்ளன. பற்பசை, முகப்பூச்சு, தலைக்கழுவி முதலியவற்றைக் குழைவாக நிறுத்தும் அகர், ஆல்ஜினேட், காரகீனன் ஆகிய மூன்றும் கடற்பாசிகளிலிருந்து பெறப்படுவன. அப்பாசிகளுள் ஒரு பகுதி இராமநாதபுரம் மாவட்டக் கடலில் மீனவப் பெண்கள் மூழ்கிப் பறித்தெடுப்பது. பழைய பட்டியல் பொருளையும் இடத்தையும் கூறி, எடுத்தவரைக் கூறாது விட்டது. இன்றைய ஒப்பனைப் பொருளின் உறையும் அவ்வாறே செய்கிறது. கடல்படு ஒப்பனைப் பொருள்களின் வரலாற்றை, அவற்றை எடுத்தவரின் உடலை முன்னிறுத்திக் காண இக்கட்டுரை முயல்கிறது.

நூல்களில் அணியும் விரையும்

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் பகுதி தமிழில் ஒப்பனை பற்றிய மிக விரிவான பதிவுகளுள் ஒன்று. பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தலை ஆட்டுகிறாள். அடியார்க்குநல்லார் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டியுள்ளார். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்னும் ஐந்து விரையும் நிலத்தில் விளைவன. துவரும் ஓமாலிகையும் பெரும்பாலும் மரப்பட்டை, வேர், காய், இலை ஆகியவையே. காதையின் பெயரோ கடலாடு காதை. கடலாடச் செல்பவள் மேனியில் ஏறும் மணம் மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் வருகிறது. கடல் தருவது அணிகலனை மட்டுமே. இந்த முரணை உரையாசிரியர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அணிகலன் என்ற வகையில் கடலின் பங்கு பெரிது. புகாரின் தெருக்களில் குவிந்த பண்டங்களை அடுக்கிக் கூறும் பட்டினப்பாலை, தென்கடல் முத்தையும் கீழ்க்கடல் பவளத்தையும் அவற்றுள் வைக்கிறது. வாளரத்தால் சங்கை அறுத்து வளை செய்பவன் அகநானூற்றின் 24ஆம் பாடலில் உவமை வழியாக இடம்பெறுகிறான். மதுரைக்காஞ்சி காட்டும் நகரத் தொழிலாளர் வரிசையிலும் சங்கு கடைவோர் உண்டு. சென்னை மாகாண அரசின் முத்து, சங்குக் குளிப்புப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலில், கொற்கை, காயல் பகுதிகளில் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டதைப் பதிவு செய்துள்ளார். இலக்கியம் கூறிய தொழில் மண்ணிலும் கிடைத்தது என்ற அளவில் அது சிறப்புடையது. ஹார்னெல் காலத்தில் அத்தொழில் தமிழகத்தில் பெரிதும் மறைந்துவிட்டது. இங்கு எடுக்கப்பட்ட சங்கு கப்பலேறி வங்காளத்துக்குச் சென்று அங்குள்ள பெண்களின் கைவளையாயிற்று.

இவற்றை எடுத்தவர் யார் என்ற வினாவுக்குக் கொற்கை முத்தைப் பாடிய நூல்கள் பரதவர் என்ற பொதுப்பெயர் அளவில் விடைதருகின்றன. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட, கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த எரித்ரியக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் மேலும் ஒரு செய்தியைச் சொல்கிறது. பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட கொற்கை முத்துக்குளித்துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர் என்பதே அது. அயல்நாட்டு வணிகன் ஒருவனின் குறிப்பு என்பதால் இதை முழுமையாகக் கொள்ளத் தயங்குவோர் உண்டு. ஆயினும் மூச்சடக்கி மூழ்குதல் உயிருக்கு இறுதி செய்யும் தொழில் என்பது அவ்வணிகனுக்கும் விளங்கியிருந்தது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே பெருமளவிலான முத்துக்குளிப்பின் இறுதிக் காலம்.

புலவு நாறும் மேனி

நற்றிணையின் 45ஆம் பாடல் இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கியது. கடுந்தேர்ச் செல்வனின் மகனாகிய தலைவன் கடற்கரைச் சிற்றூருக்கு வந்து தலைவியை நாடுகிறான். தோழி அவனை விலக்குகிறாள். தாங்கள் சுறாமீனை அறுத்துக் காயவைத்து, அதைக் கவரவரும் பறவைகளை ஓட்டுபவர்கள். தங்கள் மேனியில் புலவு நாறுகிறது. எனவே விலகி நிற்க என்பது அவள் கூற்று. துறைசார்ந்து இதைச் சேட்படை என்பர். அகப்பொருள் மரபில் அது சரியே. ஆனால் குறை நயத்தலைத் தள்ளிப்போடும் உத்தி என்ற அளவில் இப்பாடலைப் படித்து நிறுத்திக்கொள்வது போதாது. ஊர், தொழில், மணம் மூன்றும் ஒருவரின் நிலையைத் தீர்மானிக்கின்றன என்பதைத் தோழி நன்கு அறிந்திருக்கிறாள். முத்தும் பவளமும் நகரத்து மகளிரின் மார்பில் கிடக்க, கடற்கரை மகளின் மேனியில் கடல் விட்டுச் செல்வது புலால் நாற்றம்.

மகாபாரதத்தின் மச்சகந்தி கதையிலும் இதே எண்ணம் உண்டு. படகோட்டும் செம்படவர் வளர்த்த பெண்ணின் மீன்நாற்றம் பராசர முனிவரின் வரத்தால் நீங்கி, யோசனை தூரம் பரவும் நறுமணமாகிறது. அதன் பின்னரே அவள் சந்தனுவின் அரசியாக முடிகிறது. நாற்றம் நீங்காமல் அரண்மனைக்குள் நுழைய வழியில்லை.

அந்தச் சுறாவின் பிற்கால வரலாறு சுவையானது. ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1906இல் சுறாவின் ஈரல் எண்ணெயில் ஸ்குவாலின் என்னும் பொருளைக் கண்டறிந்தார். அதிலிருந்து செய்யப்படும் ஸ்குவாலேன் தோலில் எளிதில் பரவுவதாலும் ஒட்டாமையாலும் உயர்விலை முகப்பூச்சுகளில் இடம்பெற்றது. கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதி மீனவர் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர்கள் கொச்சித் துறைமுகத்தில் இறக்கிய ஆழ்கடல் சுறாக்கள் ஈரல் எண்ணெய்க்காகவே தேடப்பட்டன. மெல்ல வளர்ந்து குறைவாகக் குட்டியீனும் இனம் என்பதால் அதன் வரத்துக் குறைந்தது. இன்று ஒலிவ எண்ணெயிலிருந்தும் கரும்புச் சர்க்கரையிலிருந்தும் ஸ்குவாலேன் செய்யப்படுகிறது. நற்றிணைத் தோழி மேனியில் நாறுவதாகச் சொன்ன மீனே நகரத்து முகங்களுக்குப் பூச்சானது என்பதை இலக்கிய ஆய்வாளர் அறிந்துவைப்பதில் தவறில்லை.

ஓர்க்கோலை எனும் சொல்

கடல்படு பொருள் ஐந்தனுள் இன்று பலருக்கும் பொருள் விளங்காத சொல் ஓர்க்கோலை. மீனம்பர் என அகராதிகள் பொருள் தருகின்றன. ஸ்பெர்ம் வகைத் திமிங்கிலத்தின் குடலில், அது விழுங்கும் கணவாயின் செரியாத அலகுகளைச் சுற்றி உருவாகும் மெழுகு போன்ற பொருள் இது. புதிதாக வெளிப்படுகையில் தீநாற்றமுடையது. உப்புநீரிலும் வெயிலிலும் நெடுங்காலம் மிதந்து பக்குவப்பட்ட பின்னரே நறுமணம் பெறுகிறது. புலவு, நறுமணம் என்னும் இரண்டும் ஒரே பொருளின் இரு பருவங்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அம்பர் என்பது அரபுச் சொல். அரபு வணிகரின் வழியாகப் பல மொழிகளிலும் பரவிய அது தமிழிலும் ஏற்பட்டுவிட்டது. ஆனால் தமிழ் தனக்கென ஒரு சொல்லையும் வைத்திருந்தது என்பது இப்பொருள் இக்கரைகளில் ஒதுங்கியபோது அதைக் கண்டெடுத்துப் பெயரிட்டவர் இருந்தனர் என்பதைக் காட்டுகிறது. இது எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. கடலடி ஊற்றிலிருந்து வருகிறது என்றும், கடல்நுரை இறுகியது என்றும், பறவையின் எச்சம் என்றும் பலவாறாகக் கருதினர். 1783இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் ஆய்விதழில் ஷ்வெடியாவர் எழுதிய கட்டுரை திமிங்கிலத்தோடு அதற்குள்ள தொடர்பை விரிவாக எடுத்துரைத்தது. அம்பரீன் என்னும் அதன் மூலப்பொருளை 1820இல் பெல்லெத்தியே, காவந்து ஆகிய இருவரும் பிரித்தெடுத்தனர். இன்று நறுமணத் தொழில் பெரும்பாலும் கிளாரி சேஜ் என்னும் செடியிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு அம்பரின் மணத்தைச் செயற்கையாக உருவாக்கிக்கொள்கிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பொருளை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் இது கைப்பற்றப்படும் செய்திகளில் நாளிதழ்கள் இதைத் திமிங்கில வாந்தி, திமிங்கில எச்சம், அம்பர்கிரீஸ் என்றெல்லாம் எழுதுகின்றன. ஓர்க்கோலை என்ற சொல் எங்கும் வருவதில்லை. அருங்காட்சியகத்துக்குரிய சொல்லாகிவிட்ட ஒன்றை நாளிதழ் மீட்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையே. ஆயினும் பொருள் இருந்தும் பெயர் மறைந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மருந்தும் பூச்சும்

அரசவையின் நறுமணத்துக்கு வெளியே, எளிய மக்களின் கடல்வழி ஒப்பனையும் உண்டு. சங்கை நீரிலோ பன்னீரிலோ கல்லில் உரைத்து முகப்பருவில் பூசும் வழக்கம் தமிழகக் குடும்பங்களில் நன்கு அறியப்பட்டது. சித்த மருத்துவத்தில் முத்து, சங்கு, பவளம், பலகறை ஆகியவை பற்பங்களாகின்றன. கணவாய் ஓட்டுக்குக் கடல்நுரை என்ற பெயர் வழங்குகிறது; மீனின் உள்ளுறுப்பை நுரை இறுகியதாகக் கண்ட கற்பனை அப்பெயரில் உள்ளது. வடமொழியில் வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதையிலுள்ள நறுமணவியல் பகுதி, பதினாறு பொருள்களை மாற்றி மாற்றிச் சேர்த்து 1,74,720 வகை நறுமணங்கள் செய்யலாம் எனக் கணக்கிடுகிறது. அப்பதினாறனுள் ஒன்றான நகம் என்பதைக் கடல் நத்தையின் வாய்மூடி ஓடு என அறிஞர் பலர் கொள்கின்றனர். அதே பட்டியலில் தமனகமும் உள்ளது. தமிழில் அது மரிக்கொழுந்து. இப்பெயர் பின்னர் மீண்டும் வரும்.

மன்னார் வளைகுடாப் பாசி

கடற்பாசி தமிழருக்குப் புதிதன்று. நோன்புக் காலத்தில் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் கடற்பாசியைக் காய்ச்சி, சர்க்கரையும் பாலும் சேர்த்து உறையவைத்து உண்பர். ஆனால் அது தொழிற்பொருளானது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆய்வுக்கூடங்களுக்கும் மருந்துக்கும் தேவையான அகர் ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அவ்வரவு நின்றபோது இந்தியக் கடல்களில் அகர் தரும் பாசிகளைத் தேடும் முயற்சி தொடங்கியது. 1947இல் நிறுவப்பட்டு மண்டபத்தில் நெடுங்காலம் இயங்கிய நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பவநகரைத் தலைமையிடமாகக் கொண்ட நடுவண் உப்பு, கடல்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையமும் இத்துறையில் பணியாற்றின. 1966 முதல் மன்னார் வளைகுடாவில் வணிக நோக்கில் பாசி எடுத்தல் நடைபெற்று வருகிறது. மதுரைப் பகுதியில் சிறு அகர் ஆலைகள் தோன்றின.

இப்பாசிகளின் பயனை அறிவியல் நோக்கில் விளக்குவது எளிது. செம்பாசிகளின் செல்சுவரிலுள்ள அகரும் காரகீனனும், பழுப்புப் பாசிகளிலுள்ள ஆல்ஜினேட்டும் நீரைத் தம்முள் பிடித்துக் கூழாக நிற்கும் மாவுப்பொருள்கள். பற்பசை குழாயிலிருந்து ஒழுகாது நிற்பதற்கும், பூச்சில் எண்ணெயும் நீரும் பிரியாதிருப்பதற்கும், முகத்தில் தடவிய கலவை தோல்போல் உரிந்து வருவதற்கும் இக்கூழ்த்தன்மையே காரணம். பழுப்புப் பாசியிலிருந்து ஆல்ஜினைப் பிரித்தவர் ஸ்டான்ஃபோர்டு. அது 1880களில் நிகழ்ந்தது. அதற்கும் முன்னர், 1811இல், கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டறிந்திருந்தார் கூர்த்துவா.

எடுப்பவரின் செயல்முறை வேறு. பாம்பன் சின்னப்பாலம், பாரதிநகர் முதலிய மீனவ ஊர்ப் பெண்கள் அதிகாலையில் படகேறித் தீவுகளை ஒட்டிய பகுதிகளுக்குச் செல்கின்றனர். சேலைக்குமேல் ஆண்கள் அணியும் சட்டையை அணிந்து, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணிச்சுற்றுக் கட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூழ்குகின்றனர். காற்று உருளை கிடையாது; மூச்சே கருவி. பாறையிலும் இறந்த பவளத்திலும் பற்றியிருக்கும் பாசியைக் கையால் பறிக்கையில் துணிச்சுற்றையும் மீறி விரல்கள் கீறிப்படுகின்றன. உப்புநீரில் அப்புண்கள் எளிதில் ஆறுவதில்லை. பறித்தது கரையில் உலர்ந்து, இடைத்தரகர் வழியாக ஆலைக்குச் செல்கிறது. தோலை மென்மையாக்கும் பொருளின் முதல் கட்டத்தில் கிழிந்த தோலே இருக்கிறது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் உருவானது. பவளத்தையும் கடற்புல்லையும் காக்கும் நோக்கில் அமைந்த அவ்வறிவிப்பு, அத்தீவுகளையே தொழிலிடமாகக் கொண்டிருந்த பெண்களைச் சட்டப்படி அத்துமீறியவர்களாக்கிற்று. அதன்பின் வந்த ஆண்டுகளின் வரலாறு தடுத்தலும் தண்டத்தொகையும் பேச்சுவார்த்தையும் கலந்தது. பாசியெடுக்கும் பெண்கள் ஒன்றிணைந்து தமக்குத்தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர்: அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்திற்கு 12 நாள்களே எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது, பவளத்தைச் சிதைக்கும் உலோகச் சுரண்டியைக் கைவிடுவது. இவ்வமைப்பை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுச் சூழல் காக்கும் பணிகளுக்காக அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு 2015ஆம் ஆண்டு விருது வழங்கியது. ஓதம், நிலவு, காற்று ஆகியவற்றின் கணக்கை அறிந்தவர்கள் வகுத்த விதி என்பதால் இது அலுவலக ஆணையினும் கடலுக்குப் பொருந்தியது என்று கொள்ள இடமுண்டு.

அயற்பாசியும் உரிமையும்

கப்பாஃபைகஸ் என்னும் காரகீனன் தரும் பாசி 1980களில் ஆய்வுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த அதைப் பாக் நீரிணைப் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் திட்டத்தை 2000த்தை ஒட்டிப் பெப்சி நிறுவனம் மேற்கொண்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதில் ஈடுபட்டன. நாற்றுக் கட்டி 45 நாளில் அறுவடை செய்யலாம், மூழ்கவேண்டியதில்லை, விரல் கீறுவதில்லை. பல குடும்பங்களுக்கு அது உண்மையான ஆறுதலாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. 2008இல் அத்தொழில் அக்குவாக்ரி நிறுவனத்தின் கைக்கு மாறியது.

அதே 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குருசடைத் தீவருகே இப்பாசி உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து அதை மூடுவதைக் கரன்ட் சயின்ஸ் இதழில் வெளியிட்டனர். காக்கப்படவேண்டியது என்று பெண்களைத் தடுத்த பவளத்தின்மீதே, வாழ்வாதாரம் என்று கொண்டுவரப்பட்ட பாசி ஏறியது. இது குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்கீழ், இப்பாசியை ஏற்றுமதி செய்ததற்காகத் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்துக்கு முப்பது இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை பயன்பகிர்வாகச் செலுத்தப்பட்டது. அச்சட்டத்தின் தொடக்ககாலப் பயன்பகிர்வுகளுள் ஒன்று அயலினம் ஒன்றின்பால் அமைந்தது ஒரு விந்தையே.

பாசிகளுக்குக் கடற்கரை மக்கள் இட்ட பெயர்கள் தனி ஆய்வுக்குரியவை. அகர் தரும் ஒரு பாசி கஞ்சிப்பாசி. ஆல்ஜினேட் தருவன கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. பறவையின் இறகுபோல் கிளைத்து, உயர்ந்த தர அகர் தரும் பாசிக்கு மரிக்கொழுந்து என்று பெயர். கூந்தலில் சூடும் மணச்செடியின் தோற்றத்தை நீருக்கடியில் கண்டவர் இட்ட பெயர் அது எனக் கொள்ளலாம். பாசிக்கு அச்செடியின் மணம் கிடையாது. கப்பாஃபைகஸுக்கு வழங்கும் பெயர் பெப்சிப் பாசி. தாவரவியலாளர் இட்ட பெயரையும் ஒதுக்கி, கொண்டுவந்தவன் பெயரால் பொருளை அழைத்திருக்கிறார்கள். ஒப்பனைப் பொருளின் உறையில் இவற்றுள் எதுவும் வருவதில்லை. அங்கே இலத்தீன் பெயரோ வேதிப்பெயரோ இருக்கும். உணவு, கருவி, நோய், காற்று குறித்த நெய்தல் நில வழக்குகளைத் தொகுத்தோர் பாசிப் பெயர்களையும் உரியவரிடம் கேட்டுத் தொகுப்பது காலத்தே செய்யவேண்டிய பணி. மூழ்கும் தலைமுறையில் பலர் முதுமை எய்தி வருகின்றனர்.

2023 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அத்திட்டத்தின் நோக்கம் வளர்ப்பும் பதப்படுத்தலும் ஆகும். தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்தையும் கட்டக்கோரையையும் கையால் பறிக்கும் பெண்கள் அதன் எல்லைக்குள் வருவதில்லை. அவர்கள் தொழில் செய்யும் கடல் 1986ஆம் ஆண்டின் அறிவிப்புக்குள்ளேயே உள்ளது.